ஓடியதும் ஓடாததும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாவில் பேசவிருக்கும் பொருளை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, 'சில காலமே ஓடிய பந்தயக் குதிரைகளின் பெருமையை மதிப்பிடுவது எவ்வாறு' என்று எழுதிக் கொடுத்தேன். தாளை இருமுறை படித்துவிட்டு, இது உருவகந்தானே என்று கேட்டார். உருவகம் இல்லை. குதிரைகளைப் பற்றியே பேசப் போகிறேன். கவிஞர்கள் நிறைந்த அவையில் ஏன் இந்தப் பேச்சு என்பது போகப் போகத் தெரியும் என்று நம்புகிறேன்.

குதிரைப் பந்தயம் என்றதும் நம் மனத்தில் எழுவது நல்ல படிமம் இல்லை. 'ரேசுக்குப் போகிறவர்' என்றால் மனைவியின் தாலியை அடகு வைத்தவர் என்றே நம் திரைப்படங்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. பந்தயப் பணயத்தைத் தடுக்கத் தமிழகத்தில் 1974இல் சட்டமே இயற்றப்பட்டது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புரைத்தபோது, குதிரைப் பந்தயம் குருட்டு வாய்ப்பை நம்பிய சூதாட்டம் அன்று, பெரிதும் திறமை சார்ந்த விளையாட்டு என்றது. பணயம் கட்டுவதன் நன்மை தீமையை விட்டுவிடுவோம். குதிரையின் தரத்தைக் கற்றவர் ஒருவர் ஆராய்ந்து அறியக் கூடும் என்னும் அளவிற்கு அத்தீர்ப்பு எனக்குப் போதும். நானும் அந்த அளவில்தான் இத்துறையைப் படித்து வருகிறேன். சல்லிக் காசு கட்டியதில்லை.

நம் புறத்திணை மரபிலே குதிரை மறம் என்று ஒரு துறை இருப்பதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துறையில் வரும் குதிரை எத்தனை போர் கண்டது, எத்தனையில் வென்றது என்று புலவர் பட்டியல் தருவதில்லை. அன்றைய களத்தில், எதிர்நின்ற படையின்முன் அது என்ன செய்தது என்பதே பாட்டின் பொருள். நமக்கு இயல்பாக இருந்த இந்தப் பார்வையைப் பிற்காலத்தில் எண்ணிக்கை மோகம் மறைத்துவிட்டது என்பது என் துணிபு.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்குப் பந்தய வரலாற்றின் முதற்பெருங் குதிரையே சான்று. 1764 ஏப்ரல் முதல் நாள், சூரிய கிரகணத்தன்று, இங்கிலாந்தில் கம்பர்லந்து கோமகனின் பண்ணையில் பிறந்த ஆண் குதிரைக்கு 'கிரகணம்' என்றே பொருள்படும் எக்ளிப்ஸ் என்ற பெயரை இட்டார்கள். அடுத்த ஆண்டே கோமகன் இறந்தார். வைல்டுமன் என்ற இறைச்சி வணிகர் அக்குட்டியை வாங்கினார். ஐந்து வயதில், 1769இல், முதன்முதலாக ஓடியது. 1770ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றது. பதினேழு மாதம், 18 பந்தயம், தோல்வி என்பதே கிடையாது. ஆனால் அந்தப் பதினெட்டில் பல, எதிர்த்து ஓட எந்தக் குதிரையும் வராததால் தனியே நடந்து வந்து பெற்ற வெற்றிகள். 'வாக் ஓவர்' என்பார்கள். எதிரிகளை அச்சத்தால் விலக்கிவிட்ட குதிரை என்று அதைப் புகழலாம்; எதிரியில்லாத வெற்றி எதையும் மெய்ப்பிப்பதில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. பின்னாளில் அதன் பங்குதாரராகி உரிமையாளரும் ஆன ஓகெல்லி, எக்ளிப்ஸ் முதலாவதாக வரும், மற்றவை எங்கும் இரா என்று பணயம் கட்டியதாகச் சொல்லும் கதையே உலகில் நிலைத்தது. அன்றைய விதிப்படி, வென்ற குதிரைக்கு 240 கெசத்துக்கு மேல் பின்தங்கியவற்றுக்கு இடமே கொடுப்பதில்லை. 'எங்கும் இரா' என்ற சொல்லின் பொருள் அதுதான்.

இன்று உலகிலுள்ள உயர்சாதிப் பந்தயக் குதிரைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஆண்வழியில் எக்ளிப்சின் பரம்பரை. இதை அதன் பெருமைக்கு ஆதாரமாகக் காட்டுவோர் பலர். அது தந்தையாக அதன் பெருமை. ஓட்டத்தின் பெருமையை அந்தப் பேரேட்டில் எழுதக் கூடாது. பேரன் பெரிய புலவர் என்பதற்காகப் பாட்டனாரின் வெண்பாவில் தளை தட்டுவதை நாம் மறந்துவிடுவோமா?

அப்படியானால் எதை அளப்பது? அளவைகள் இல்லாமல் இல்லை. வெற்றி இடைவெளியை 'நீளம்' என்ற அலகால் சொல்வார்கள். ஒரு நீளம் ஒரு குதிரையின் உடல் நீளம், ஏறத்தாழ எட்டடி. கடிகாரம் இருக்கிறது. முதுகில் சுமந்த எடை இருக்கிறது. இவற்றைச் சேர்த்துக் குதிரைக்கு ஓர் எண் வழங்கும் கணிப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடிகாரம் தரையைப் பொறுத்தது. மழை பெய்தால் மாறும். நீளமோ பின்னால் வந்தவன் யார் என்பதைப் பொறுத்தது. சோர்ந்துபோன குதிரையை முப்பது நீளத்தில் வெல்வதைவிட, உயிரைக் கொடுத்து ஓடும் குதிரையை அரை நீளத்தில் வெல்வது மேலாக இருக்கக் கூடும். ஐம்பது பந்தயம் ஓடிய குதிரையிடம் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். ஆறே பந்தயம் ஓடியதிடம் அந்த வசதி இல்லை. ஆகவே அங்கே ஒவ்வொரு பந்தயத்தையும் தனித்தனியே பிரித்துப் படிக்க வேண்டும். அக்குதிரையிடம் என்ன கேட்கப்பட்டது, அதற்கு அது என்ன விடை சொன்னது என்று பார்க்க வேண்டும். நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது ஒன்றே.

இதைச் செயின்ட் சைமன் என்ற குதிரையிடம் பொருத்திப் பார்க்கிறேன். 1881இல் பிறந்தது. அதன் முதல் உரிமையாளர் பத்தியானி இளவரசர் 1883இல் நியூமார்க்கெட் பந்தய மைதானத்திலேயே இறந்தார். அக்காலத்து விதி விந்தையானது: பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பதிவும் இறந்துவிடும். குதிரை உயிரோடிருக்கும், அதன் உரிமை செத்துப்போகும். செயின்ட் சைமன் மூன்று வயதுக் குதிரைகளுக்குரிய 'கிளாசிக்' பந்தயங்கள் எதிலும் ஓட முடியாமற் போனது. 1884ஆம் ஆண்டு டெர்பியில் இரு குதிரைகள் சமமாக வந்து பரிசைப் பகிர்ந்துகொண்டன. வென்றவை என்று அவ்விரண்டின் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. செயின்ட் சைமனின் பெயர் இல்லை. (அந்த விதியை எட்கர் வாலஸ் என்ற துப்பறியும் கதாசிரியர் முன்வந்து நடத்திய வழக்கின் பயனாகவே 1929இல் நீக்கினார்கள். எழுத்தாளர்கள் குதிரைகளுக்குச் செய்த தொண்டும் கொஞ்சம் உண்டு!)

பெரிய பட்டங்கள் ஒன்றும் இல்லாத இந்தக் குதிரையை எப்படி மதிப்பிடுவது? 1884இல் அஸ்காட் தங்கக் கோப்பை, இரண்டரை மைல். எதிரே டிரிஸ்டன், முந்திய ஆண்டு அதே கோப்பையை வென்ற முதிர்ந்த குதிரை. மூன்று வயதுச் செயின்ட் சைமன் இருபது நீளத்தில் வென்றது. டிரிஸ்டன் அன்று உடல்நலமின்றி ஓடியதோ என்று கேட்கலாம். அதே வாரத்தில், அதே அஸ்காட்டில், டிரிஸ்டன் ஹார்டுவிக் பந்தயத்தை வென்றது. ஐயம் அகன்றது. பிறகு குட்வுட் கோப்பையில், முந்திய ஆண்டின் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற ஆசியனை மறுபடி இருபது நீளத்தில் வென்றது. அத்துடன் அதன் ஓட்டம் முடிந்தது. கேள்வி கடினமானது, கேட்டவர் தகுதியுடையவர், விடை தெளிவானது. செயின்ட் சைமனைப் பெரிய குதிரை என்று சொல்ல எனக்கு டெர்பி தேவைப்படவில்லை.

நெடுங்காலம் ஓடிய குதிரைக்கு நாம் இழைக்கும் அநீதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். சைட்டேஷன் என்ற அமெரிக்கக் குதிரை 1947, 1948 ஆகிய ஈராண்டுகளில் 29 முறை ஓடி 27 முறை வென்றது. 1948இல் மும்மகுடம் சூடியது. அன்றே நிறுத்தியிருந்தால் இன்று அதன் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்போம். காலில் நோய் கண்டு 1949 முழுதும் ஓடவில்லை. பந்தயப் பரிசாகவே பத்து இலட்சம் டாலர் ஈட்டிய முதற்குதிரை அதுவாக வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. 1950இல் மீண்டும் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். நூர் என்ற குதிரை அந்த ஒரே ஆண்டில் அதை நான்கு முறை தோற்கடித்தது. சாண்டா அனிட்டாவில் நடந்த முதல் தோல்வியில் சைட்டேஷன் சுமந்தது 132 பவுண்டு; நூர் சுமந்தது 110. மற்றொரு தோல்வி மூக்கு நுனி அளவே. அதற்கு நூர் உலகச் சாதனை நேரத்தில் ஓட வேண்டியிருந்தது. உரிமையாளர் 1950 இறுதியில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தப் பத்து இலட்சம் நிறைவேறியது. பிந்திய ஈராண்டில் 16 ஓட்டம், 5 வெற்றி.

மொத்தக் கணக்கு 45இல் 32 என்று வாசிப்பவர் இதைத் தோல்வி கண்ட குதிரை என்று ஒதுக்குகிறார். என் கணிப்பில் நூரிடம் அடைந்த அந்தத் தோல்விகளில் சில, பல குதிரைகளின் வெற்றிகளைவிட உயர்ந்தவை. தோற்காத குதிரை என்பதற்கு, தோற்கும் வரை யாரும் ஓடவிடாத குதிரை என்றும் ஒரு பொருள் உண்டு. குறுகிய காலக் குதிரையைப் புகழும்போதெல்லாம் சைட்டேஷனை ஒரு கணம் நினைத்துக்கொள்வது என் வழக்கம். அதற்கு வந்த முதுமை மற்றதற்கு வராமற் போனது. அவ்வளவுதான் சில வேளைகளில் வேறுபாடு.

இனி நம் காலத்துக் குதிரைகள் இரண்டு. ஃபிராங்கல் இங்கிலாந்தில் 2010 முதல் 2012 வரை ஓடியது. 14 பந்தயம், 14 வெற்றி. ஃபிளைட்லைன் அமெரிக்காவில் 2021, 2022இல் ஓடியது. ஆறே பந்தயம், ஆறும் வெற்றி, ஆறிலும் சேர்ந்து 71 நீளம். பன்னாட்டுத் தரவரிசையில் இரண்டுக்கும் கிடைத்த எண் ஒன்றே: 140.

எண் ஒன்றாயினும் எடை ஒன்றா? ஃபிராங்கல் 2011இல் ஆயிரத்தெண்ணூறு மீட்டருக்கும் குறைவான ஒரு மைல் ஓட்டத்தில், இரண்டாயிரம் கினி பந்தயத்தை ஆறு நீளத்தில் வென்றது. பலரும் அந்த நாளையே பேசுவர். எனக்கு முக்கியமானவை வேறு இரண்டு நாட்கள். அதே ஆண்டு அஸ்காட்டில் நேரத்துக்கு முன்பே வேகமெடுத்து, முடிவில் களைத்து, முக்கால் நீளத்தில் தப்பியது. மறு ஆண்டு அக்டோபரில், தன் கடைசி ஓட்டத்தில், ஈரத்தில் ஊறிய தரையில், தாமதமாகப் புறப்பட்டு, அத்தகைய தரையில் வல்ல குதிரையை ஒன்றே முக்கால் நீளத்தில் வென்றது. குதிரையின் குறையும் அக்குறையை மீறிய உரமும் இவ்விரு நாட்களில் தெரிகின்றன. மூன்று வயதோடு நிறுத்தியிருந்தால் உரிமையாளருக்குப் பெருஞ்செல்வம் காத்திருந்தது. அவர் நான்கு வயதிலும் ஓட விட்டார். அதனால்தான் இரண்டாம் நாள் நமக்குக் கிடைத்தது.

ஃபிளைட்லைனிடமும் கேள்வி கேட்கப்படாமல் இல்லை. 2022 ஜூனில் பெல்மான்ட் பார்க்கில் புறப்பாடு தடுமாறி, வழி மறிக்கப்பட்டு, பின் ஆறு நீளத்தில் வென்றது. செப்டம்பரில் பத்தொன்பதே கால் நீளம். நவம்பரில் பிரீடர்ஸ் கோப்பையில் 'லைஃப் இஸ் குட்' என்ற அதிவேகக் குதிரை முன்னே பறந்தபோது, பதறாமல் தொடர்ந்து சென்று, கடைசி வளைவில் அதைக் கடந்து, எட்டே கால் நீளத்தில் முடித்தது. உச்சம் என்று எதைச் சொல்வோமோ அது இது. மறுநாளே ஓய்வு அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த நாள் அக்குதிரையின் நாற்பதில் ஒரு பங்கு ஏலம் போனது: 46 இலட்சம் டாலர். ஆறு பந்தயங்களிலும் சேர்த்து அது ஓடிச் சம்பாதித்ததோ ஏறத்தாழ 45 இலட்சம். இந்தக் கணக்கைப் பார்த்தபின் அதன் உரிமையாளர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். எலும்பு முறிந்து நின்ற ஓட்டம் வேறு, விலை நிறுத்திய ஓட்டம் வேறு. ஐந்து வயதில் ஃபிளைட்லைன் என்ன செய்திருக்கும் என்ற கேள்வியை விதி மறைக்கவில்லை, விற்றுவிட்டார்கள். ஆகையால் உச்ச வேகத்தில் அதை ஃபிராங்கலுக்கு நிகராகவும், பெருமையில் ஒருபடி கீழாகவும் வைக்கிறேன். இதை ஏற்காத நண்பர்கள் அவையில் இருப்பார்கள். உரைக்குப்பின் தேநீர் இருக்கிறது.

இதுவரை சொன்னவை எளியவை. கடினமானது ரஃபியன்.

ரஃபியன் என்றால் முரடன். பெயர்தான் அப்படி, அது ஒரு பெண் குதிரை, கறுப்புக்கு மிக நெருங்கிய நிறம், ஆண் குதிரைகளை ஒத்த உருவம். 1972இல் கெண்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில் பிறந்தது. 1974 மே 22ஆம் நாள் நியூயார்க் பெல்மான்ட் பார்க்கில் முதன்முறை ஓடி, அந்தத் தூரத்துக்குரிய மைதானச் சாதனையைச் சமன் செய்து, 15 நீளத்தில் வென்றது. அடுத்தடுத்துப் பத்து வெற்றி. வெற்றி இடைவெளியின் சராசரி எட்டு நீளத்துக்கு மேல். பத்திலும், நேரம் குறிக்கும் ஒவ்வொரு கம்பத்திலும் அதுவே முன்னணியில் இருந்தது. 'ஹாட் அண்ட் நாஸ்டி' என்ற குதிரை மட்டும் ஒருமுறை கடைசி நேர்பாதை வரை அதைப் பின்தொடர்ந்து நெருக்கியது. அன்றும் இரண்டே கால் நீளத்தில் ரஃபியனே வென்றது.

ஆனால் அந்தப் பத்தும் பெண் குதிரைகளுடன் ஓடியவை. அவ்வாண்டின் கெண்டக்கி டெர்பியை வென்ற ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆண் குதிரையுடன் தனிப்போட்டி வைத்தார்கள். 1975 ஜூலை 6. ஐம்பதாயிரம் பேர் நேரிலும், மேலும் பல இலட்சம் பேர் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள். ஆணா பெண்ணா என்ற வழக்காகவே அன்றைய அமெரிக்கா அதைப் பேசியது. இரு குதிரைகளிலும் ஏறிப் பழகிய ஜாக்கி ஜசின்டோ வாஸ்குவெஸ். டெர்பியில் ஃபூலிஷ் பிளஷர்மேல் வென்றவரும் அவரே. எதில் ஏறுகிறாய் என்றபோது அவர் ரஃபியனைத் தேர்ந்தார். இரண்டும் இணையாகப் பாய்ந்தன. ரஃபியன் சற்றே முன்னேறியிருந்த வேளையில் அதன் வலது முன்னங்காலின் சிறு எலும்புகள் நொறுங்கின. ஜாக்கி இழுத்துப் பிடித்தும் அது நிற்க மறுத்து மேலும் ஓடியது. அன்றிரவு அறுவை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும், பக்கவாட்டில் கிடந்தபடியே கால்களை வீசி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல் உதைத்து, போட்ட கட்டை உடைத்துக்கொண்டது. விடியுமுன் அதற்கு இறுதி ஊசி போட்டார்கள்.

இங்கேதான் மதிப்பீடு தடுமாறுகிறது. துயரம் வந்து தராசில் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பதினோராவது பந்தயத்தில் ரஃபியனே வென்றிருக்கும் என்று எழுதாத எழுத்தாளர் இல்லை. எழுதட்டும், ஆனால் அது கணிப்பில் சேராது. ஒன்றே கால் மைல் ஓட்டத்தில் அது ஓடி முடித்தது பாதிக்கும் குறைவு.

நம் வட்டம் இந்தப் பத்தாண்டில் நடத்திய இரங்கற் கூட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். இளமையில் போன கவிஞருக்கு நாம் தவறாமல் சூட்டும் மாலை, 'இன்னும் இருந்திருந்தால்' என்பது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். அவரைப் பற்றிய பேச்சுகளில் பாதி, அவர் எழுதாத பாட்டுகளைப் பற்றியவை. எழுதியவை போதாதா? அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று வரிவரியாகப் படித்துச் சொல்வதற்கு உழைப்பு வேண்டும், ஏங்குவதற்கு வேண்டாம். மறைந்தவர்மேல் உள்ள அன்பால் அவர் எழுத்தைப் படிக்காமலே பாராட்டிவிடுகிறோம் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இதைச் சொல்வதற்காகவே செயலாளரிடம் அந்தத் தலைப்பைக் கொடுத்தேன்.

ரஃபியனுக்கு வருகிறேன். ஓடாத அரைப் பந்தயத்தைத் தள்ளிவிடுகிறேன். பெண் குதிரைகளுடன் மட்டுமே ஓடிய குறையையும் எழுதிக்கொள்கிறேன். மீதி இருப்பவை பத்து ஓட்டங்கள்: ஐந்தரை ஃபர்லாங்கிலிருந்து ஒன்றரை மைல் வரை தூரம் மாறியும், இடையில் கால் எலும்பில் கீறல் கண்டு பல மாதம் நின்று திரும்பியும், ஒரு கம்பத்தில்கூட இன்னொரு குதிரையின் பின்னால் வராத பத்து ஓட்டங்கள். இரண்டு வயதில் சரடோகாவில் அது ஓடிய ஆறு ஃபர்லாங்கின் நேரம், ஒரு நிமிடம் எட்டே மூன்று ஐந்தில் விநாடி. யாருடைய இரக்கமும் அந்த நேரத்தைக் குறைக்கவில்லை. இவற்றைக் கொண்டே ரஃபியனை மிகப் பெரிய குதிரைகளின் வரிசையில் வைக்கிறேன். செயின்ட் சைமனுக்கு அருகில், ஃபிளைட்லைனுக்கு ஒருபடி மேலே. ஃபூலிஷ் பிளஷரை அது வென்றிருக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன்.

பெல்மான்ட் பார்க்கின் நடுத் திடலில், கொடிமரத்தருகே, முகம் வெற்றிக் கம்பத்தை நோக்கியிருக்குமாறு அதைப் புதைத்தார்கள். அம்மைதானத்தை இடித்துக் கட்டும் பணிக்காக 2023இல் எச்சங்களைத் தோண்டி எடுத்து, பிறந்த கிளெய்போர்ன் பண்ணைக்கே கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள். பந்தய ஏட்டில் அதன் பெயருக்கு நேரே இருப்பது இவ்வளவே: ஓட்டம் 11, முதலிடம் 10, இரண்டாமிடம் இல்லை, மூன்றாமிடம் இல்லை.